பின்னாலிருந்து கதை கேட்ட வக்கீலம்மா

என் வக்கீலம்மா என்னை ஒரு நாளும் நம்பியதில்லை. அதை மறைக்கவும் இல்லை. முதல் நாளே முகத்துக்கு நேரே சொன்னார்: "நீ சொல்றதுல முக்கால்வாசி நெசம். மிச்சம் கால்வாசி எதுன்னு கண்டுபிடிக்கத்தான் எனக்கு ஃபீஸு." எனக்கு வந்ததே ஒரு கோபம்! வேலை போய், மலைக்கும் கீழுக்குமாக எட்டு மாதம் அலைந்து, செருப்புத் தேய வந்து நிற்கிறேன். இந்தம்மாவோ வீடு புகுந்த திருடியைப் பார்ப்பது போல என்னைப் பார்க்கிறார். எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். வேறு போக்கிடம் இல்லாததால் உட்கார்ந்திருந்தேன்.

அறுபதை நெருங்கின வயது. குள்ளமான உடம்பு, எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டின கொண்டை, மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடி. வேலூரில் ஒரு சந்துக்குள், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் அவர் அறை. நாற்காலியை மாடிப்படி தெரியும்படி போட்டிருப்பார். யார் ஏறி வந்தாலும் அவர்கள் இவரைப் பார்ப்பதற்கு முன் இவர் அவர்களைப் பார்த்துவிடுவார். கீழே கடையில் எடுத்த ஜெராக்ஸைக்கூட அசலோடு வைத்து வரி வரியாக ஒப்பிடுவார். "மெஷின் பொய் சொல்லாதும்மா" என்றேன் ஒருமுறை. "மெஷின் சொல்லாது. பேப்பர் வெக்கிற ஆளு சொல்லுவான்" என்றார்.

வீட்டுக்காரரையும் விடமாட்டார். மத்தியானம் போன் போட்டு, "காஸ் மூடினீங்களா? போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்பார். அந்தப் பக்கம் ஏதோ பதில் வரும். "சும்மா சொல்லாதீங்க. நீங்க எழுந்திரிச்ச சத்தமே கேக்கல. நாற்காலி கிறீச்சுன்னு கத்துமே, அது எங்க?" என்று மடக்குவார். பாவம் அந்த மனுஷர் நிஜமாகவே எழுந்து போவார். அதற்குப் பிறகுதான் இவர் டிபன் டப்பாவைத் திறப்பார். எனக்குச் சிரிப்பு வரும், அடக்கிக்கொள்வேன்.

இவரிடம் நான் எப்படி வந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் புதூர்நாட்டுக்கும் மேலே, ஜீப் நிற்கிற இடத்திலிருந்து முக்கால் மணி நேர நடை. நான் ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவள். வாரம் பூராவும் கீழே நாலு பெண்களோடு வாடகை அறையில் இருப்பேன். சனிக்கிழமை சாயங்காலம் மலையேறுவேன். எங்கள் ஊரில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் பத்து நாள் யாரும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. கல்யாணமோ சாவோ எதுவானாலும் சரி. அந்த வருஷம் ஊருக்குத் தலைவரான எங்கள் ஊர்க்கவுண்டர் திடீரென்று காப்பு நாளை ஒரு வாரம் முன்னுக்கு இழுத்துவிட்டார். அவர் என் சொந்தப் பெரியப்பா. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காப்புக் கட்டிவிட்டார்கள். திங்கட்கிழமை விடியலில் கிளம்ப மூட்டை கட்டி வைத்திருந்த நான் மாட்டிக்கொண்டேன். போனில் சொல்லலாம் என்றால், ஊருக்குள் சிக்னல் கிடையாது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு பாறை இருக்கிறது, அதன் மேல் ஏறினால்தான் ஒரு கோடு விழும்.

பத்து நாள் முடிந்து கம்பெனிக்குப் போனால், உள்ளே விடவில்லை. எட்டு நாளுக்கு மேல் சொல்லாமல் கொள்ளாமல் வராதவர் தானாகவே வேலையை விட்டதாகக் கணக்கு என்று ஒரு தாளை நீட்டினார்கள். ஒன்பது வருஷம் தைத்த கை. அழுகைகூட வரவில்லை. அந்த வேலையை வைத்துத்தான் மலையில் ஒரு பெண் தனக்குத் தானே முடிவெடுக்க முடியும். அது இல்லையென்றால் யாருக்காவது கழுத்தை நீட்டிவிட்டுச் சாமை புடைத்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். எனக்கு அந்த வேலை திரும்ப வேண்டும். அவ்வளவுதான்.

முதலில் திருப்பத்தூரில் ஒரு வக்கீலைப் பிடித்தோம். ஜீப் டிரைவருக்குத் தெரிந்தவர். தங்கமான மனுஷர். நான் சொன்னதையெல்லாம் தலையாட்டித் தலையாட்டி நம்பினார். "அநியாயம்மா, அநியாயம்" என்று என்னைவிட அதிகமாக வருத்தப்பட்டார். சொத்துப் பாகமும் விவாகரத்தும்தான் அவருக்குப் பழக்கம் என்பது எனக்குத் தெரியாது. போடக் கூடாத கோர்ட்டில் வழக்கைப் போட்டு, எட்டு மாதம் கழித்து அது அப்படியே திரும்பி வந்தது. "கேஸ் கட்டு இன்னும் கனமாயிருக்கு பாருங்க" என்று அதற்கும் ஒரு சமாதானம் சொன்னார்.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. நல்ல வக்கீல் யார் என்று நம்மவர்களைக் கேட்டால் ஆளுக்கு ஒரு மச்சானைச் சொல்வார்கள். கம்பெனிக்கு யாரைக் கண்டால் பயம் என்று கேட்க வேண்டும். நேரே கம்பெனி வாசலுக்குப் போய், பழைய வாட்ச்மேன் அண்ணன் ஷிப்ட் முடிந்து டீ குடிக்கும் நேரத்தில் பிடித்தேன்.

"அண்ணே, எந்த வக்கீல் நோட்டீஸ் வந்தா மேனேஜர் மூஞ்சி மாறும்?"

அவர் யோசித்தார். "வேலூர்ல ஒரு அம்மா கீறாங்க. அவங்க கவர் வந்த அன்னிக்கி மேனேஜர் சோறு துன்னமாட்டாரு. வெறும் மோருதான்."

அந்த மோர்தான் என்னை வேலூருக்கு இழுத்துக்கொண்டு போனது.

வக்கீலம்மா வழக்கை உடனே எடுத்துக்கொள்ளவில்லை. "கதைய சொல்லு" என்றார். காப்புக் கட்டினதிலிருந்து ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். "முன்னாலேர்ந்து வாணாம். வேலைக்கு வாணாம்னு சொன்ன அன்னிலேர்ந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு நாளா பின்னாலே போ."

அவருடைய வழக்கம் அது. யார் வந்தாலும் கதையைக் கடைசியிலிருந்து முதலுக்குச் சொல்ல வேண்டும். பத்தாம் நாள், ஒன்பதாம் நாள், எட்டாம் நாள் என்று நான் இறங்கி வந்தேன். ஐந்தாம் நாளில் ஒரு நொடி தடுக்கினேன். அவர் பென்சிலால் தாளின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தார்.

நானும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒருமுறை சூடுபட்டவள் அல்லவா! "இந்த மாதிரி கேஸு எத்தினி பாத்துகிறீங்க? எத்தினி ஜெயிச்சீங்க? நீங்களே கோர்ட்டுக்கு வருவீங்களா, ஜூனியர அனுப்புவீங்களா? கம்பெனிக்காரங்களுக்கு என்னிக்காவது வாதாடிகிறீங்களா?" என்று வரிசையாகக் கேட்டேன்.

கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு திருப்தி வந்தது. ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். தோற்ற வழக்குகளையும் சொன்னார். கடைசிக் கேள்விக்கு, "ஆமா. மொத ரெண்டு வருஷம் கம்பெனிக்குத்தான் வேலை பாத்தேன். அவங்க எதை எங்க ஒளிப்பாங்கன்னு அங்கதான் கத்துக்கிட்டேன்" என்றார். அடி ஆத்தீ, இது என்ன வம்பு என்று எனக்குள் அன்றைக்கே ஒரு முள் தைத்தது. ஆனாலும் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு தாளையும் என்னையே வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். "எங்கிட்டயே படிக்காம போட்டா, கம்பெனி நீட்டினா சும்மா இருப்பியா?" என்றார்.

ஐந்தாம் நாள் என்ன நடந்தது என்பதை அவரிடம் மறைத்தேன். இங்கே மறைக்கப் போவதில்லை. அந்த வெள்ளிக்கிழமை நான் எல்லையைத் தாண்டினேன். விறகுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, விடியலில் ஆலங்காயம் பக்கம் இறங்குகிற ஒற்றையடிப் பாதையில் ஓடி, பஸ் பிடித்துக் கம்பெனி வாசலுக்கே போய்விட்டேன். சூப்பர்வைசரைப் பார்த்து நேரில் சொல்லிவிடலாம் என்றுதான். வாட்ச்மேன் அண்ணன் ரிஜிஸ்டரில் பெயர் எழுதிக் கையெழுத்து வாங்கி, உள்ளே போன் போட்டார். "அப்புறம் பாத்துக்கலாம், உள்ள விடாத" என்று பதில் வந்தது. பொழுது சாய்வதற்குள் ஒரு சுமை விறகோடு ஊரில் இருந்தேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன்.

எட்டாம் நாள், பூசாரி கால் இடறிக் கரகம் கீழே விழுந்தது. எவரோ எல்லை தாண்டியிருக்கிறார்கள் என்று ஊர் கொந்தளித்தது. பழி என் அண்ணி மேல் விழுந்தது. அண்ணி என்றால் பெரியப்பாவின் மருமகள். படவேட்டுப் பக்கம் அடிவாரத்தில் குடியேறின எங்கள் சனத்துப் பெண். அவர் அம்மாவுக்கு அப்போது உடம்பு சரியில்லை. போக வேண்டும் என்று காப்புக்கு முந்தின நாள் அழுதிருக்கிறார். அது போதாதா ஊருக்கு? "நான் போவல மாமா, சத்தியமா போவல" என்று அண்ணி தரையில் விழுந்து கும்பிட்டார். பெரியப்பா, சொந்த மருமகள் என்று பார்த்தால் ஊர் சிரிக்கும் என்று, குழந்தையோடு அவரைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நான் கூட்டத்தில் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

ஆக, வக்கீலம்மாவிடம் நான் சொன்னது, பத்து நாளும் எல்லைக்குள்ளேயே இருந்தேன் என்பது. ஊர்க்கவுண்டர் வந்து சாட்சி சொல்வார், சாமி காரியம் என்றால் ஜட்ஜும் மனுஷர்தானே, புரிந்துகொள்ள மாட்டாரா? மலையில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் கோர்ட்டுக்கும் தெரிந்திருக்கும் என்று நம்பினேன். எங்கள் ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள்.

"உன் சாமிய நான் மதிக்கிறேன்" என்றார் வக்கீலம்மா. "ஸ்டாண்டிங் ஆர்டர்னு கம்பெனி வேலை விதி ஒண்ணு இருக்கு, அதுல உன் சாமி பேரு இல்ல. நீ ஒரு வார்த்த சொல்லி அனுப்பினியா இல்லியா, அதான் கேஸு."

"எப்படிம்மா சொல்லுவேன்? தாண்டக் கூடாதே."

"தாண்டல?"

"இல்ல."

அரை மணி நேரம் வேறு ஏதேதோ பேசிவிட்டு, மறுபடி, "தாண்டல?" என்றார். கிளம்பும்போது மாடிப்படியில் வைத்து இன்னொரு தடவை கேட்டார். மூன்று தடவையும் நான் இல்லை என்றேன். மூன்றாம் தடவை என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் மலைக்கே வந்துவிட்டார். பட்டுக்கரைச் சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, குடையை ஊன்றி ஊன்றி அந்த முக்கால் மணி நேரமும் நடந்திருக்கிறார். வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஊருக்குள் தெருத்தெருவாக நடந்து, சிக்னல் இல்லை என்பதை அவரே பார்த்துக்கொண்டார். பாறை வரை போய் ஏறிப் பார்த்தார். பிறகுதான் பெரியப்பா வீட்டு வாசலில் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார்.

பெரியப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். "எங்க ஊர்ல பொய் சொல்ற பழக்கம் இல்லீங்க."

"அப்படி ஒரு ஊர நான் இன்னும் பாக்கலீங்களே" என்றார் வக்கீலம்மா. குரலில் கேலி இல்லை. நிஜமாகவே பார்க்க ஆசைப்படுகிறவர் போலத்தான் சொன்னார்.

வழக்கத்தைப் பற்றியெல்லாம் கேட்டுவிட்டு, "அந்த வருஷம் எதுனா விசேஷமா நடந்துச்சா?" என்றார். யாரோ எல்லை தாண்டினதால் கரகம் விழுந்ததைப் பெரியப்பா சொன்னார்.

"தாண்டினது யாரு?"

"எம் மருமவதான்."

"பாத்தீங்களா?"

"பாக்கணுமா இன்னா? அவங்கம்மாவுக்கு ஒடம்பு முடியல. போவணும்னு அழுதா."

"அது காரணம். சாட்சி எங்கீங்க?"

எங்கள் ஊரில் பெரியப்பாவை அப்படி ஒருவரும் கேட்டதில்லை. வக்கீலம்மா மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். ஜீப் நிற்கும் இடம் வரை கூடவே நடந்து போனேன். வழி முழுக்க ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அடுத்த மாதம் என் அறைத் தோழி ஒருத்தி போன் செய்தாள். "ஏய், உன் வக்கீலம்மா நம்ம கம்பெனி வாசல் டீக்கடையில வாட்ச்மேனோட குந்திகினு பேசினு கீறாங்க. ரொம்ப நேரமா." எனக்குள் தைத்திருந்த முள் இப்போது குத்தியது. ரெண்டு வருஷம் கம்பெனிக்கு வேலை பார்த்தவள் அல்லவா! விலை போய்விட்டாள் என்றே முடிவு கட்டினேன். பாம்புக்குப் பால் வார்த்திருக்கிறேன், முட்டாள், முட்டாள் என்று என்னையே திட்டிக்கொண்டு மறுநாள் முதல் பஸ்ஸில் வேலூருக்குப் போனேன்.

"என் கட்டைக் குடுங்க. நான் வேற வக்கீல் பாத்துக்கறேன்."

அவர் பதறவில்லை. "உக்காரு."

"உக்கார வரல. வாட்ச்மேன்கிட்ட இன்னா பேசினீங்க? கம்பெனி எவ்ளோ குடுத்துச்சு?"

"பரவால்ல. சந்தேகப்பட கத்துகினே" என்றபடி மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு மனுவை எடுத்து என் முன்னால் வைத்தார். கம்பெனி வாசல் ரிஜிஸ்டரைக் கோர்ட்டுக்குக் கொண்டுவரச் சொல்லிக் கேட்கும் மனு. அதில் ஒரே ஒரு நாள் குறிப்பிட்டிருந்தது. காப்புக் கட்டின ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"வாட்ச்மேன் அண்ணன் சொல்லிட்டாரா?"

"சொல்லமாட்டேன்னுதான் சொன்னான். நல்லவன். வந்தாளான்னு நான் கேக்கல. எந்தக் கெழம வந்தான்னு கேட்டேன். வெள்ளிக்கெழமன்னு வாயில வந்துடுச்சி."

எனக்கு ஒரு பக்கம் அவமானம், ஒரு பக்கம் ஆத்திரம். பிறகு எல்லாவற்றையும் கொட்டினேன். எல்லை தாண்டினது, கரகம் விழுந்தது, அண்ணி தரையில் விழுந்து கும்பிட்டது, நான் வாயை மூடிக்கொண்டு நின்றது. அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வக்கீலம்மா ஆறுதல் சொல்லவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "உன் வேலைய காப்பாத்தற ஒரே பேப்பர ஒளிச்சு வெச்சுக்கினு எங்கிட்ட கேஸ் குடுத்தே. முப்பது வருஷத்துல இது புதுசு" என்றார்.

"ரிஜிஸ்டர அவங்க கொண்டாரலன்னா?"

"ஏன் கொண்டாரலன்னு கேப்பேன். அது இன்னும் நல்லது." பென்சிலை மேஜையில் தட்டினார். "உன் பெரியப்பா சாட்சி இனி வாணாம். நீ தாண்டலன்னு அவர் சொல்வாரு, தாண்டினேன்னு நீ சொல்வே, நடுவுல நான் மாட்டிக்கணும். அவர்கிட்ட போய் நீயே விஷயத்தைச் சொல்லிடு."

"சொல்றேன்மா."

"சொல்வியா?"

"சொல்றேன்."

மூன்றாம் தடவை கேட்கவில்லை. அதை நான் நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன்.

சொல்லவில்லை. நாலு தடவை வாயெடுத்தேன். ஒவ்வொரு தடவையும் பெரியப்பா, "கோர்ட்டுல ஊர் மானத்தக் காப்பாத்திடறேன் பாரு புள்ள" என்று தொடங்கிவிடுவார். நான் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு எழுந்துவிடுவேன். வேலையும் வேண்டும், ஊரில் நல்ல பெயரும் வேண்டும். இரண்டும் ஒரே சமயத்தில் கிடைக்காது என்று தெரிந்தும் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

சாட்சி விசாரணை நாள் வந்தது. வேலை போய் அதற்குள் ரெண்டு வருஷம் ஓடிவிட்டது. பெரியப்பாவிடம், இன்றைக்கு வர வேண்டாம், அடுத்த வாய்தாவுக்கு வந்தால் போதும் என்று ஒரு பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கோர்ட்டு அறைக்குள் கால் வைத்தால், பின் வரிசை பெஞ்சில் வெள்ளைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்கிறார்! எனக்கு உயிரே போய்விட்டது. கம்பெனி ஆட்கள் ரிஜிஸ்டரைக் கொண்டுவந்து மேஜையில் வைத்திருந்தார்கள். வேறு வழியில்லை.

கூண்டில் ஏறினேன். வக்கீலம்மா கேட்டார், நான் சொன்னேன். ரிஜிஸ்டரில் என் கையெழுத்தை அடையாளம் காட்டினேன். பிறகு கம்பெனி வக்கீல் எழுந்தார்.

"உங்க ஊர் வழக்கப்படி காப்புக் கட்டினா எல்லை தாண்டக் கூடாதுன்னு மனுவுல எழுதியிருக்கு. நீங்க தாண்டி வந்ததா இப்ப சொல்றீங்க. அப்ப சாமியையே ஏமாத்தினவங்க, கோர்ட்ட ஏமாத்த மாட்டீங்களா?"

பின் பெஞ்சைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், பார்த்துவிட்டேன்.

"சாமிக்குத் தெரியுங்க. ஊரத்தான் ஏமாத்தினேன். கரகம் விழுந்தப்ப எங்க அண்ணி மேல பழி போட்டாங்க. தாண்டினது நான். அவங்க தாண்டல. பேசாம நின்னேன்."

பெரியப்பா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல் வெளியே போனார். மிச்சக் கேள்விகளுக்கு நான் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை.

வராந்தாவில் வக்கீலம்மாவை மறித்துக்கொண்டேன். "பெரியப்பாவ யார் கூப்ட்டது?"

"நான்தான். நேத்து புதூர்நாடு ஜீப் டிரைவர் மூலமா சொல்லி அனுப்பினேன்."

"ஏம்மா? நான் சொல்றேன்னு சொன்னேனே!"

"சொன்னே. நீ சொல்லுவேன்னு எனக்கு நம்பிக்க வரல."

அந்த நிமிஷம் அவரை அப்படியே மாடிப்படியில் தள்ளிவிடலாம் போல இருந்தது. நம்பாதது மட்டுமல்ல, அந்த நம்பாமை ஒவ்வொரு தடவையும் சரியாகிப் போகிறதே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. பெரியப்பா ஊரைக் கூட்டப் போயிருக்கிறார், என்னைத் தள்ளி வைக்கப் போகிறார்கள் என்று பயந்து, மூன்று நாள் மலைக்கே போகாமல் ஆம்பூரில் கிடந்தேன். நாலாம் நாள் தெரிந்தது. அவர் கோர்ட்டிலிருந்து மலைக்கே போகவில்லை. வேலூரிலிருந்து நேராகப் படவேட்டுக்குப் பஸ் ஏறியிருக்கிறார். சம்பந்தி வீட்டு வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்று, மருமகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டுதான் ஊர் ஏறியிருக்கிறார். எனக்கு ஊர் அபராதம் போட்டது, அம்மனுக்கு முன்னால் விழுந்து எழுந்தேன். பெரியப்பா இன்று வரை என்னிடம் தேவைக்கு மேல் பேசுவதில்லை.

சில மாதங்களில் தீர்ப்பு வந்தது. என்னை வேலையில் திரும்பச் சேர்க்கச் சொல்லி. நகல் வாங்கப் போனபோது அண்ணியும் கூட வந்தார். நான்தான் அழைத்தேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்திருந்தோம். வக்கீலம்மா நகலில் முத்திரை சரியாக விழுந்திருக்கிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார். பிறகு கண்ணாடிக்கு மேலாக அண்ணியைப் பார்த்தார்.

"அந்த வெள்ளிக்கெழம இவ கீழ போனது உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இது என்ன கேள்வி? இந்தம்மாவுக்கு வழக்கு முடிந்தும் புத்தி போகவில்லையே!

அண்ணி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். "தெரியுங்கம்மா. தண்ணிக்குப் போகசொல்ல பாத்தேன். ஓட்டமா ஓடினு இருந்துச்சி."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொன்னா யாருங்கம்மா நம்புவாங்க? அது அந்த ஊர்ல பொறந்த பொண்ணு. நான் வாழப் போனவ. என்மேல பழி போட்டப்ப இவ மேல கை காட்டினா, பழிய தள்ளிவுடறான்னுதானே சொல்லுவாங்க. அதுவுமில்லாம, வேலைக்குத்தான் ஓடுதுன்னு தெரியும். அதுவாச்சும் பொழைக்கட்டுமேன்னு வுட்டுட்டேன்."

நான் அண்ணியைப் பார்க்க முடியாமல் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வக்கீலம்மா பென்சிலைக் கீழே வைத்தார். என் பக்கம் திரும்பி, வழக்கு விவரம் சொல்வதைப் போலவே சொன்னார்:

"இந்தப் பொண்ணு மொதல்ல எங்கிட்ட வந்திருந்தா, நான் உம்மேலதான் கேஸ் போட்டிருப்பேன். ஜெயிச்சும் இருப்பேன்."

அண்ணி எழுந்தார். என் கையிலிருந்த தீர்ப்பு நகலை வாங்கி, மடிப்புக் கலையாமல் தன் பைக்குள் வைத்தார்.

"மழ வர்ற மாதிரி கீது. எங்கிட்ட இருந்தா நனையாது. வா, பஸ்ஸுக்கு நேரமாவுது."